பிளாஸ்டிக் புல்லுக்கும் பக்குவம் வேண்டும்

கோவை, திருச்சி, மதுரை, சேலம் என எந்த ஊரின் புறவழிச்சாலையில் இரவு ஏழு மணிக்கு மேல் போனாலும் ஒரு காட்சி கண்ணில் படும். நான்கு பக்கமும் உயரமான வலை, கம்பங்களின் உச்சியில் கண்ணைக் கூசும் விளக்குகள், கீழே எந்தக் கோடையிலும் வாடாத பச்சைத் தரை. மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்டி இளைஞர்கள் அங்கே கிரிக்கெட்டும் கால்பந்தும் ஆடுகிறார்கள். ஊர் வழக்கில் அதற்கு 'டர்ஃப்' என்று பெயர். அதன் இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் சோளம் நிற்கும், மறுபக்கம் தென்னை நிற்கும். நடுவில் இருப்பதும் சில ஆண்டுகளுக்கு முன்புவரை உழுத நிலம்தான்.

வேளாண் பக்கத்தில் விளையாட்டுத் தரைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நிலம் உங்களுடையது என்பதுதான் பதில். சிலர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். சிலர் விவசாயத்தோடு ஒரு உபவருமானமாக இருக்கட்டும் என்று தாங்களே முதல் போட்டு நடத்துகிறார்கள். இன்னும் பலருக்கு எந்தத் தொடர்பும் இல்லை. பக்கத்து நிலத்தில் டர்ஃப் வந்துவிட்டது, அங்கே பெய்யும் மழை இவர்கள் வாய்க்காலில் வந்து இறங்குகிறது. இந்த மூன்று தரப்பினரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றே: அந்த விரிப்பு எத்தனை ஆண்டு தாங்கும், அதைத் தாங்க வைப்பது யார்?

"ஒரு தடவை போட்டால் போதும். தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், பராமரிப்பே கிடையாது" என்று சொல்லித்தான் செயற்கைப் புல்லை விற்கிறார்கள். இதை நம்பி ஏமாறாதீர்கள். முறையாகப் பார்த்துக்கொண்டால் 8 முதல் 10 ஆண்டு உழைக்க வேண்டிய விரிப்பு, கவனிக்காமல் விட்டால் நான்கைந்து ஆண்டிலேயே மொட்டையாகிவிடும். பணம் போட்டவருக்கு அது நஷ்டம். நிலத்துக்கு அதைவிடப் பெரிய நஷ்டம். எனவே டர்ஃப் பராமரிப்பை நடத்துபவரின் சொந்த விஷயம் என்று விட்டுவிடாமல், நிலத்துக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

எடை போட்டுப் பாருங்கள்

100 அடி நீளம், 60 அடி அகலம் உள்ள ஒரு சிறிய ஆடுதளத்தை எடுத்துக்கொள்வோம். பரப்பு 6,000 சதுர அடி. ஏறக்குறைய 557 சதுர மீட்டர், அதாவது சுமார் 14 சென்ட். விரிப்பு மட்டும் சதுர மீட்டருக்கு 2 முதல் 2.5 கிலோ எடை இருக்கும். அப்படியானால் அந்த 14 சென்டில் 1.1 முதல் 1.4 டன் பிளாஸ்டிக் படுத்திருக்கிறது. இழைகளுக்கு நடுவே ரப்பர் துகள் கொட்டியிருந்தால், சதுர மீட்டருக்கு 5 கிலோ என்று குறைவாக வைத்தாலும் இன்னொரு 2.8 டன். நிரப்பும் மணல் தனிக் கணக்கு.

இந்த விரிப்பு 10 ஆண்டு நின்றால், 10 ஆண்டுக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேற்பட்ட பிளாஸ்டிக்கை நாம் அகற்ற வேண்டும். 5 ஆண்டில் போனால் அதே காலத்தில் இரண்டு மடங்கு. வீட்டில் பிளாஸ்டிக் பை வேண்டாம் என்று மஞ்சப்பை தூக்கும் நாம், டன் கணக்கில் வயலில் இறங்கும் பிளாஸ்டிக்கைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

இந்தப் பொருள் பிறந்த கதையும் ஒரு பாடம்தான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-ல் ஆஸ்ட்ரோடோம் என்ற கூரை வேய்ந்த பெரிய மைதானத்தைத் திறந்தார்கள். உள்ளே நிஜப் புல்தான் இருந்தது. கூரையின் வழியே வந்த வெளிச்சம் ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசச் செய்ததால் கூரைப் பலகைகளுக்கு வண்ணம் பூசினார்கள். வெயில் கிடைக்காமல் புல் செத்தது. அதனால் 1966-ல் அங்கே பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். 'ஆஸ்ட்ரோ டர்ஃப்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். புல் வளர வழியில்லாத இடத்துக்காக வந்த பொருளை, கரும்பும் மஞ்சளும் செழித்த மண்ணின் மேல் நாம் விரிக்கிறோம். வேறு இடமே இல்லையா என்று முதலில் யோசியுங்கள். சுக்கான் பாறை, களர் விழுந்த மூலை, பழைய களம், மூடிக்கிடக்கும் ஆலை வளாகம், கட்டட மொட்டைமாடி ஆகியவற்றில் போடலாம். நஞ்சை வயலிலும் நல்ல தோட்டக்காலிலும் வேண்டாம்.

வெயில் என்ன செய்யும்?

செயற்கைப் புல்லின் இழை பெரும்பாலும் பாலிஎத்திலீன். அடியில் உள்ள துணி பாலிபுரொப்பிலீன். இழை பிடுங்கிக்கொண்டு வராமல் இருக்க அதன் அடிப்புறத்தில் லேடெக்ஸ் அல்லது பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். நாற்றங்கால் நிழல்வலையும், காய்கறிக்குப் போடும் நிலப்போர்வைத் தாளும், பண்ணைக்குட்டைத் தாளும் இதே குடும்பம்தான். நிழல்வலை சில ஆண்டில் தொட்டாலே பொடிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலியை அறுக்கிறது. அதனால் இழை நிறம் வெளுத்து, நுனி பிளந்து, கடைசியில் தூளாகிறது.

இதைத் தடுக்கத்தான் தயாரிக்கும்போதே புற ஊதாக் கதிர்த் தடுப்பான்களைக் கலக்கிறார்கள். வாங்கும்போது நிறத்தையும் மென்மையையும் பார்த்து முடிவெடுக்காமல், வெயிலில் நிறமும் வலுவும் எத்தனை ஆண்டு நிற்கும் என்று எழுத்தில் உத்தரவாதம் கேளுங்கள். வெளிநாட்டின் மிதமான வெயிலுக்குக் கொடுத்த உத்தரவாதம் நம் ஊர் சித்திரை வெயிலுக்குப் பொருந்துமா என்பதையும் கேளுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு செய்தி. கந்தகமும் குளோரினும் இந்தத் தடுப்பான்களைச் செயலிழக்கச் செய்யும். பசுமைக்குடில் வைத்திருப்பவர்கள் இதை அறிவார்கள். சாம்பல் நோய்க்காக உள்ளே கந்தகம் அடித்தால் மேல் தாளின் ஆயுள் குறைந்துவிடும். பக்கத்துத் திராட்சைத் தோட்டத்திலோ மிளகாய் வயலிலோ நனையும் கந்தகம் தெளிக்கும்போது காற்றில் வந்து டர்ஃபில் படிந்தால் அதே பாதிப்புதான். படிந்தது தெரிந்தால் அன்றே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். காற்று டர்ஃப் பக்கம் வீசும்போது தெளிக்காமல் இருந்தால் விளையாடும் பிள்ளைகளுக்கும் நல்லது.

வெயிலில் இந்தத் தரையின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சுடும். நிஜப் புல் தண்ணீரை ஆவியாக்கித் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது. பிளாஸ்டிக்குக்கு அந்த வித்தை தெரியாது. தண்ணீர் தெளித்தால் சூடு இறங்கும்; சற்று நேரத்தில் மீண்டும் ஏறிவிடும். கோடையில் பகல் 11 மணி முதல் 4 மணி வரை ஆடவிடாமல் மூடி வைப்பது பிள்ளைகளின் உடம்புக்கும் விரிப்பின் ஆயுளுக்கும் நல்லது. சூட்டில் இளகி நிற்கும் இழை மிதிபட்டால் சாய்ந்த வாக்கிலேயே படிந்துவிடும்.

வாரம் ஒரு முறை வாரிவிடுங்கள்

செயற்கைப் புல் கெடுவது பெரும்பாலும் இழை சாய்வதில்தான் தொடங்குகிறது. நிமிர்ந்து நிற்கும் இழைக்கு நுனியில் மட்டும்தான் உரசல். சாய்ந்து படுத்த இழைக்கு முழு நீளமும் உரசல், முழு நீளமும் வெயில். அது பிளந்து நார் நாராகிறது. அந்த நார் பிசிறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மேலே ஒரு பாய் போல் மூடும். பிறகு மழைத் தண்ணீரும் கீழே இறங்காது.

இதற்கு மருந்து வாரிவிடுவதுதான். நைலான் முடி வைத்த அகலமான பிரஷ்ஷால், இழை சாய்ந்திருக்கும் திசைக்கு எதிர்த் திசையில் வாரம் ஒரு முறை இழுக்க வேண்டும். அடுத்த வாரம் குறுக்குத் திசையில் இழுங்கள். பெரிய தரையாக இருந்தால் சிறிய வண்டியின் பின்னால் பிரஷ்ஷைக் கட்டி இழுக்கலாம். கம்பி பிரஷ் கூடவே கூடாது. அது இழையை அறுத்துவிடும். தரை நனைந்திருக்கும்போதும் உச்சி வெயிலிலும் இந்த வேலை வேண்டாம். காலை வேளையில், தரை உலர்ந்திருக்கும்போது செய்யுங்கள்.

எவ்வளவு நேரம் செலவிடுவது என்பதற்கு இத்துறையில் ஒரு பொதுக் கணக்கு உண்டு: 10 மணி நேரம் ஆட்டம் நடந்தால் 1 மணி நேரம் பராமரிப்பு. தினமும் 6 மணி நேரம் ஓடும் டர்ஃபுக்கு வாரத்தில் 42 மணி நேர ஆட்டம். ஆகவே 4 மணி நேரத்துக்கு மேல் வேலை இருக்கிறது. முன்பதிவு முழுவதையும் ஆட்டத்துக்கே கொடுத்துவிட்டு, வாரும் வேலைக்கு நேரமில்லை என்பவர், மாடு கறக்க நேரம் ஒதுக்கித் தீவனம் வைக்க நேரம் ஒதுக்காதவரைப் போன்றவர்.

கிரிக்கெட் ஆடும் தரையில் பந்து வீசுபவர் காலூன்றும் இடமும் மட்டையாளர் நிற்கும் இடமும்தான் முதலில் மொட்டையாகும். கால்பந்தில் கோல் கம்பத்தின் முன்பகுதி. முடிந்தால் சில மாதங்களுக்கு ஒரு முறை ஆடும் முனைகளை இடம் மாற்றுங்கள். தரை போடும்போதே அதே தயாரிப்பில் கூடுதலாகச் சில மீட்டர் வாங்கி, நிழலில் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு இதை ஒட்டலாம். ஒரு மூலை போனதற்காக முழு விரிப்பையும் மாற்றும் கொடுமை இதனால் தவிரும்.

துகள் எங்கே போகிறது?

இழைகளுக்கு நடுவே கொட்டப்படும் மணலும் ரப்பர் துகளும் 'நிரப்பு' எனப்படும். இழையை நிமிர்த்திப் பிடிப்பதும், விழுபவரின் அடியைத் தாங்குவதும், விரிப்பு நகராமல் அழுத்திப் பிடிப்பதும் இதன் வேலை. 50 மில்லிமீட்டர் உயர இழை என்றால் நிரப்புக்கு மேலே 15 முதல் 20 மில்லிமீட்டர் இழை தெரிய வேண்டும். அதைவிட அதிகமாகத் தெரிந்தால் நிரப்பு குறைந்துவிட்டது என்று பொருள்.

அளந்து பார்க்கக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. பழைய சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்றில் மில்லிமீட்டர் அளவுக்குக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை பத்துப் பன்னிரண்டு இடங்களில் மெதுவாகக் குத்தி ஆழம் பாருங்கள். மண் மாதிரி எடுப்பதுபோல் மூலை, ஓரம், நடு என்று பரவலாகப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பள்ளமான இடத்தில் ஓரத்தில் குவிந்த நிரப்பை வாரிப் போடுங்கள். போதவில்லை என்றால் புதிதாகச் சேருங்கள்.

ஆனால் ஒரு கேள்வியை நிலத்துக்காரர் கேட்டே ஆக வேண்டும். ஆண்டுதோறும் புதிதாக மூட்டை மூட்டையாகக் கொட்ட வேண்டியிருக்கிறது என்றால், பழையது எங்கே போனது? கொஞ்சம் அடியில் இறுகிப்போயிருக்கும். மீதி, ஆடுபவர்களின் ஷூவிலும் சட்டையிலும் வீட்டுக்குப் போகிறது. காற்றில் வேலியைத் தாண்டுகிறது. மழையில் வாய்க்காலுக்கும் கண்மாய்க்கும் போகிறது.

பழைய டயரை அரைத்துத்தான் இந்த ரப்பர் துகளைத் தயாரிக்கிறார்கள். டயர் ரப்பரில் எடையில் 1 முதல் 2 சதவீதம் அளவுக்குத் துத்தநாகம் இருக்கும். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்கிறோம். அதில் உள்ள துத்தநாகம் 5 கிலோவுக்குச் சற்று மேல். நாம் கணக்குப் போட்ட 14 சென்ட் தரையின் 2.8 டன் ரப்பரிலோ 28 முதல் 56 கிலோ துத்தநாகம் அடங்கியிருக்கிறது. அத்தனையும் ஒரே மழையில் கரைந்துவிடாது. மெல்ல மெல்லத்தான் கசியும். பற்றாக்குறையுள்ள வயலுக்கு மருந்தாகும் சத்து, அளவு மீறி ஓரிடத்தில் சேர்ந்தால் பயிருக்கும் தடை, மீன்குட்டைக்கும் ஆபத்து.

இந்தத் துகள்களை முன்னிட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு முடிவெடுத்தது. விளையாட்டுத் தரையில் போடும் பிளாஸ்டிக், ரப்பர் துகள் நிரப்புகளை விற்க 8 ஆண்டு அவகாசம். 2031 அக்டோபருக்குப் பிறகு அங்கே விற்க முடியாது. அவர்கள் விலக்கும் பொருளை நாம் இப்போதுதான் வயலோரம் கொட்டத் தொடங்கியிருக்கிறோம். பெட்டி கிரிக்கெட் ஆடும் சிறிய தரைகளுக்குப் பெரும்பாலும் கழுவிச் சலித்த சிலிக்கா மணலே போதும். அடி தாங்க மென்மை வேண்டும் என்றால், தேங்காய் நாரும் தக்கையும் கலந்த நிரப்புகள் வெளிநாடுகளில் பயன்பாட்டில் உள்ளன. அவற்றைக் காய விடாமல் லேசாக நனைத்து வைக்க வேண்டும், அவ்வப்போது சேர்க்கவும் வேண்டும். ஆனால் சிந்தினால் அது மண்ணுக்கு உரம். பொள்ளாச்சிப் பக்கம் நார்க்கழிவு மலைபோல் குவிந்திருக்கும் மாநிலத்தில் இதை ஆராய்ந்து தரப்படுத்துவது நம் ஆராய்ச்சி நிலையங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை என்று நினைக்கிறேன்.

ரப்பர் துகள் ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால், அது வெளியே போகாமல் தடுக்க மூன்று வேலை செய்யுங்கள். தரையைச் சுற்றி அரை அடி உயரத்தில் தடுப்புச் சுவர் எழுப்புங்கள். வாசலில் ஷூவைத் தட்டிவிட்டு வர ஒரு கம்பிச் சட்டமும் பிரஷ்ஷும் வையுங்கள். மழைத் தண்ணீர் வெளியேறும் வாயில் ஒரு வண்டல் குழி வெட்டி, வடிகட்டும் துணியோ நெருக்கமான வலையோ கட்டுங்கள். மழைக்குப் பிறகு குழியில் சேர்ந்ததை அள்ளிச் சுத்தம் செய்து மீண்டும் தரையில் போடலாம்.

தண்ணீர் வடிந்தால்தான் ஆயுள்

மேலே எவ்வளவு நல்ல விரிப்புப் போட்டாலும் அடித்தளம் சரியில்லை என்றால் பயனில்லை. இறுக்கிய மண், அதன் மேல் பெரிய ஜல்லி, பிறகு சிறு ஜல்லி, மேலே பொடி என்று அடுக்கி, 100 அடிக்கு அரை அடி முதல் 1 அடி வரை சரிவு கொடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கினால் ஒட்டிய இணைப்புகள் விட்டுப்போகும், பாசி பிடிக்கும், அடித்தளம் இறங்கும்.

விருதுநகர், தூத்துக்குடி போன்ற கரிசல் பகுதிகளில் கூடுதல் கவனம் வேண்டும். கரிசல் மழையில் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அதன் மேல் நேரடியாக ஜல்லி கொட்டினால் இரண்டே பருவத்தில் தரை மேடு பள்ளமாகும். சுற்றுப்புற மண்ணின் ஈரம் ஒரே சீராக இருக்கும்படி வடிகால் அமைக்காமல் கரிசலில் டர்ஃப் போடுவது பணத்தைப் புதைப்பதற்குச் சமம். செம்மண் பகுதியில் வேறு சிக்கல்: காற்றில் வரும் புழுதி நிரப்பில் கலந்து, மழையில் சேறாகி, காய்ந்ததும் ஓடுபோல் இறுகிவிடும். தரைக்கு வரும் வழியில் மண் தெரியாமல் கல் பாவுவதும், மேற்குப் பக்கம் உயிர்வேலி வைப்பதும் உதவும். ஆனால் புளி, வேம்பு போன்ற இலை கொட்டும் மரத்தின் அடியில் டர்ஃப் வேண்டாம். அன்றன்று அள்ளாத இலை மக்கி, நிரப்பின் மேல் மண்ணாகி, களைக்கு நாற்றங்கால் ஆகும்.

கோரையும் அறுகும்

விதைக்காமலே வரும் களைக்குப் பிளாஸ்டிக் ஒரு தடையே அல்ல. கோரையின் கூர்மையான குருத்து நிலப்போர்வைத் தாளைக் குத்திக்கொண்டு வருவதைக் காய்கறி விவசாயிகள் பார்த்திருக்கிறார்கள். டர்ஃபின் வடிகால் துளைகள் வழியாகவும் அது வரும். அறுகு ஓரத்திலிருந்து கொடி ஓடி விரிப்பின் மேலே படரும். இரண்டையும் தரை போடும் முன்பே ஒழிப்பதுதான் அறிவு. கோடை உழவு போட்டுக் கிழங்கைப் பொறுக்கி, காயவைத்து, பிறகு அடித்தளம் அமையுங்கள். ஜல்லிக்கு அடியில் தடிமனான மண் பிரிப்புத் துணி விரியுங்கள்.

தரை போட்ட பிறகு முளைப்பதைச் சிறிதாக இருக்கும்போதே கையால் பிடுங்குங்கள். பிள்ளைகள் விழுந்து புரளும் இடத்தில் களைக்கொல்லி அடிக்காதீர்கள். சுற்றிலும் இரண்டு அடி அகலத்துக்குப் புல் பூண்டு இல்லாமல் வைத்தால் அறுகும் வராது, எலியும் வளை தோண்டி உள்ளே நுழையாது.

கழுவுவதில் கவனம்

உப்புத் தண்ணீர் உள்ள ஆழ்துளைக் கிணற்றால் அடிக்கடி கழுவினால் இழையில் வெண்படிவம் படியும், நிரப்பு இறுகும். மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து அதற்கென்று பயன்படுத்தலாம். பாசியும் பறவை எச்சமும் நீங்க மிதமான சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள். அதில் உள்ள குளோரின் என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். வேகமாகப் பீய்ச்சும் பம்ப் குழாயை அருகில் வைத்து அடித்தால் நிரப்பு பறந்துவிடும், இணைப்பும் பிரியும்.

பாலிஎத்திலீன் சுமார் 120 டிகிரியில் உருகும். ஒரு பீடித் துண்டு, ஒரு தீபாவளி மத்தாப்பு, விளக்குக் கம்பத்தில் வெல்டிங் வைக்கும்போது சிந்தும் ஒரு பொறி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும் ஓட்டை விழ. புகைக்கும், வெற்றிலைக்கும், குளிர்பானத்துக்கும், இரும்பு முனை ஷூவுக்கும் உள்ளே இடமில்லை என்று வாசலிலேயே பலகை வைத்து, அதைக் கடைப்பிடிக்கச் செய்யுங்கள்.

தண்ணீரே வேண்டாம் என்ற பேச்சையும் அப்படியே ஏற்க வேண்டாம். நிஜப் புல்லோடு ஒப்பிட்டால் மிச்சம் உண்மைதான். நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் நம் 14 சென்ட் புல்தரை கோடையில் தினமும் 2,800 லிட்டர் கேட்கும். ஆனால் டர்ஃபுக்கும் கழுவவும் குளிர்விக்கவும் தண்ணீர் தேவை. சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் உள்ளது போன்ற ஹாக்கித் தரைகளில் ஆட்டத்துக்கு முன் தரையை நன்றாக நனைத்துத்தான் ஆடுவார்கள். உங்கள் கிணற்றிலிருந்து மின்மோட்டார் போட்டு யார் எவ்வளவு எடுப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஆயுள் முடிந்த பிறகு

எவ்வளவு பார்த்துக்கொண்டாலும் ஒரு நாள் விரிப்பு தேயும். அப்போதுதான் நிலத்துக்காரருக்குச் சோதனை. நடத்தியவர் கம்பத்தையும் விளக்கையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார். விரிப்பு, ரப்பர், ஜல்லி எல்லாம் உங்கள் நிலத்தில் கிடக்கும். அதைக் கொளுத்த நினைக்காதீர்கள். பிளாஸ்டிக்கும் டயர் ரப்பரும் எரியும் நச்சுப் புகை முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வெட்டி மாட்டுக்கொட்டிலிலும் ஆட்டுப் பட்டியிலும் விரிக்காதீர்கள். கால்நடை கடித்து இழுக்கும் இழை முதல் வயிற்றில் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். கிழிந்ததை வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் போட்டால் அது தூளாகி உங்கள் மண்ணிலேயே கலக்கும்.

நிலத்தைத் திரும்ப உழவுக்குக் கொண்டுவருவதும் எளிதல்ல. ஜல்லியை முழுதும் அள்ள வேண்டும். ரோலர் ஓட்டி இறுக்கிய மண்ணை உளிக்கலப்பையால் ஒன்றரை அடி ஆழம் கிழிக்க வேண்டும். குளத்து வண்டல் அடித்து, ஏக்கருக்கு 20 கிலோ வீதம் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருவாயில் மடக்கி உழ வேண்டும். இதை இரண்டு மூன்று பருவம் செய்தால்தான் மண்ணில் உயிர் திரும்பத் தொடங்கும். மேல்மண்ணை முதலிலேயே சுரண்டி எடுத்து விற்றிருந்தால் அதுவும் கடினம். ஓர் அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும்.

ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

எனவே குத்தகைக்குக் கையெழுத்துப் போடும் முன் வாடகையை மட்டும் பேசாதீர்கள். கீழ்க்கண்டவை பத்திரத்தில் இருக்கட்டும்:

• நிலப் பயன்பாட்டை மாற்றுவதற்கான அனுமதி பெறுவது யார் பொறுப்பு. அதன் நகல் உங்களிடம் இருக்க வேண்டும்.

• மேல்மண் முக்கால் அடி ஆழத்துக்குத் தனியே எடுக்கப்பட்டு, உங்கள் நிலத்திலேயே வேறு இடத்தில் பரப்பப்பட வேண்டும்.

• ரப்பர் துகள் போடக் கூடாது. போட்டால் தடுப்புச் சுவரும் வண்டல் குழியும் கட்டாயம்.

• வாராந்திரப் பராமரிப்புக்கு ஒரு பதிவேடு; நீங்கள் கேட்கும்போது காட்ட வேண்டும்.

• மழைநீர் எந்த வழியில் போகும் என்பதற்கு வரைபடம். பக்கத்து நிலத்துக்காரரின் ஒப்புதலும் வேண்டும்.

• விரிப்பையும் நிரப்பையும் ஜல்லியையும் அகற்றும் செலவுக்கு முன்பணம். அது வாடகை முன்பணத்திலிருந்து தனியாக இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையைக் கேட்டதும் சிலர் பின்வாங்குவார்கள். பின்வாங்குபவர் பொருளை அகற்றும் எண்ணம் இல்லாதவர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

வேளாண் அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வட்டாரத்தில் டர்ஃப் வந்தால் அது நம் துறை இல்லை என்று கடந்துபோக வேண்டாம். வடிகால் வாயில் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் கீழ்ப்பகுதி வயல்களில் மண் மாதிரி எடுக்கும்போது துத்தநாக அளவைக் கவனியுங்கள். குத்தகைக்கு விட நினைப்பவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். ஊராட்சியும் நகராட்சியும் அனுமதி கொடுக்கும்போதே, அகற்றும் பொறுப்பை நடத்துபவர் மேல் எழுத்தில் வைக்க வேண்டும். பண்ணைக்குட்டைத் தாளுக்கும் நிலப்போர்வைக்கும் இதே ஒழுங்கு வந்தால் இன்னும் நல்லது.

பிள்ளைகள் விளையாட வேண்டும். கைப்பேசியை வைத்துவிட்டு அவர்கள் ஓடியாடும் இடம் ஊருக்கு ஊர் தேவை. ஊருக்குள் பொது மைதானம் இல்லாததால்தான் அவர்கள் காசு கொடுத்து இங்கே வருகிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே டர்ஃப் கூடாது என்று நான் சொல்லவில்லை. போட்டால் பத்து ஆண்டு நிற்கும்படி போடுங்கள், நிற்கும்படி பாருங்கள், முடிந்ததும் நிலத்தை வாங்கிய நிலையில் திருப்பிக் கொடுங்கள் என்கிறேன். பயிருக்கு வாரம் ஒரு நாள் வயலைச் சுற்றி வருவதுபோல், குத்தகைக்கு விட்ட தரையையும் மாதம் ஒரு முறை நேரில் போய்ச் சுற்றிப் பாருங்கள். ஸ்போக் கம்பியைக் கையோடு எடுத்துப் போங்கள்.